படி சொல்கிறவள்

பெரிய சாமானைத் தூக்கப் பலம் இருந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாளாவது எங்கள் லோடுக்காரர் வேலை செய்கிற இடத்தில் போய் நின்று பார்க்க வேண்டும். பலம் எருமைக்கும்தான் இருக்கிறது. எருமையைக் கூட்டி வந்து, மூன்றாவது மாடியிலிருந்து கண்ணாடி வைத்த மர பீரோவை இறக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை இறக்கி, வண்டியில் ஏற்றி, புது வீட்டில் கொண்டுபோய் வைப்பது அவர் தொழில். அவரும் அவர் தம்பியும் தூக்குவார்கள். அவர் பெண்டாட்டி சமையலறைச் சாமான்களைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவாள். இதுவரை தன் கையில் ஒரு டம்ளர்கூட உடைந்ததில்லை என்று அவளுக்குக் கர்வம் உண்டு. அதில் தப்பும் இல்லை. அவர்கள் குடியிருப்பது மாடியில். அதே கட்டடத்தின் கீழே என் தையல் கடை. பீரோவிலும் மேஜையிலும் கீறல் விழாமல் போர்த்துகிற மெத்தைத் துணிகளை அவர்களுக்கு நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை உள்ளே பரப்பி, மேலும் கீழும் கெட்டித் துணி வைத்து, கட்டம் கட்டமாகத் தையல் போட வேண்டும். ஆகவே அந்த வீட்டுச் சமாசாரம் எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது.

மாடிப்படியில் சாமான் இறங்கும்போது கீழ்ப்பக்கம் பிடித்திருக்கிறவர் பின்னால் நடந்து இறங்குவார். முகத்துக்கு நேரே பீரோ, முதுகுக்குப் பின்னால் படி. ஒன்றும் தெரியாது. அதனால் படி திரும்புகிற இடத்தில், மூலையில் ஒதுங்கி ஒருவர் நின்றுகொண்டு அவர் காலைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "படி. படி. இடது தோள்கிட்ட சுவரு. படி. தரை." இதற்குப் பெயர் படி சொல்வது. இதில் ஒரே ஒரு சட்டம்தான். சொல்வது ஒரு குரலாக இருக்க வேண்டும். ரெண்டு பேர் சொன்னால், ரெண்டு பேரும் சரியாகவே சொன்னாலும், கால் நடுவில் எங்காவது போய் விழும். இரண்டாவது குரல் கேட்டால் இறங்குகிறவர் வைத்த காலை எடுக்க மாட்டார், எடுத்த காலை வைக்க மாட்டார்.

படி சொல்வதில் அவர்கள் வீட்டுச் சின்னப் பெண்ணை மிஞ்ச ஆள் இல்லை. வாய்த் துடுக்கைப் பார்த்து நான் வைத்த பெயர் கொடுக்கு. ஏழு வயதிலேயே ஆரம்பித்துவிட்டாள். எங்கள் கட்டட மாடியில் நின்று அவள் விளையாட்டுக்கு "படி" என்றால்கூடக் கீழே என் தையல் மெஷினில் கால் நின்றுவிடும், அப்படி ஒரு குரல். சித்தப்பா நடுப்படியில் நின்று வேர்வை துடைத்தால், "அதெல்லாம் கீழே போய்த் துடைக்கலாம் சித்தப்பா, கட்டிலுக்கு நேரமாச்சு" என்பாள். மீசை வைத்த ஆள் வாயை மூடிக்கொண்டு இறங்குவார்.

ஒன்பது வயதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தார்கள். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. தொண்டையில் குழாய் போட்டு, மெஷின்தான் மூச்சு விட்டது, வாரக்கணக்கில். எமன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் நன்றாக இருக்க வேண்டும். லோடுக்காரர் அவளை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாடி ஏறியதை நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். ஒரு தலையணை அளவுதான் இருந்தாள். தெருவே பழமும் ரொட்டியும் கொண்டுவந்து கொடுத்து, பிழைத்துவிட்டாள் என்று சந்தோஷப்பட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.

பிழைத்த பிறகு என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. சுவரைப் பிடித்து நடை பழகினாள். வலது பாதம் மட்டும் இன்றைக்கும் தரையில் பட்டென்று விழும். ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். தெரிந்த வாய்ப்பாடெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை, பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் பின்தங்கினாள். அந்தக் குரல் போயே போய்விட்டது. அதற்குப் பதிலாக ஒரு கரகரப்பு வந்து உட்கார்ந்துகொண்டது, மரத்தில் உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு அம்மாவும் மகளும் நேராக என் கடைக்குள் வந்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. அம்மாக்காரி கைப்பையைத் தூக்கி என் வெட்டு மேஜைமேல் எறிந்தாள்.

"அக்கா, இந்த அநியாயத்தைக் கேளுங்க. பிள்ளையைக் காட்டலாம்னு போனா, அந்த டாக்டரம்மா என்னைப் பாத்து, 'நீங்க தூங்குறீங்களா'ன்னு கேக்குறாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நோயாளி நானா, இவளான்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'நீங்களும்தான்'ங்கிறாங்க அக்கா! ஐ.சி.யூ.லேர்ந்து பிள்ளை வீட்டுக்கு வந்தா, பிள்ளைக்கு மட்டும் இல்லையாம், வீட்டுக்கே அந்த நோவு பல வருஷம் இருக்குமாம். அடுத்த தடவை பையனையும் கூட்டிட்டு வாங்கங்கிறாங்க. அவனுக்கு என்ன கேடு? கல்லு மாதிரி இருக்கான்."

"நீ தூங்குறியா இல்லையா, அதைச் சொல்லு."

"ராத்திரி ரெண்டு மூணு தடவை எந்திரிச்சு இவ மூச்சு வருதான்னு பாப்பேன். எந்த அம்மாதான் பாக்க மாட்டா?"

ரெண்டு மூணு என்பது பச்சைப் பொய். மாடியில் அவள் நடக்கிற சத்தம் விடியவிடியக் கேட்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நான் அதைக் கிளறவில்லை. சின்னவளைப் பார்த்தேன்.

"ஏன்டி கொடுக்கு, உன்னை என்ன பண்ணாங்க?"

"தொண்டைல..."

"தொண்டைல சின்னக் குழாய் விட்டுப் பாத்தாங்க அக்கா," என்றாள் அம்மா.

"நான் அவகிட்ட கேட்டேன். பள்ளிக்கூடம் எப்படிடி போகுது?"

"இப்ப கொஞ்சம்..."

"கணக்குதான் ஏற மாட்டேங்குது. மத்ததெல்லாம் பரவாயில்லைன்னு டீச்சர் சொன்னாங்க."

"அம்மா தாயே, இவளுக்கு வாய்னு ஒண்ணு இருக்கிறது உனக்கு ஞாபகம் இருக்கா?"

"பேசினா களைச்சுப்போயிடுவா அக்கா. உங்களுக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். நான் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பெஞ்சில் கிடந்தவள் இல்லை. அந்த மெஷின் கத்தும்போதெல்லாம் உள்ளே ஓடிப்போய் நின்றவளும் இல்லை. பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அவள் மடமடவென்று குடிக்க ஆரம்பித்ததும், அந்த இடைவெளியில் சின்னவள் வேகமாகச் சொன்னாள்.

"பேசச் சொன்னாங்க அத்தை. கத்தவும் கூடாது, கிசுகிசுன்னும் பேசக் கூடாது. சாதாரணமா, நிறையப் பேசணுமாம். இந்தக் குரல் இனி மாறாதாம். இதை வெச்சே பழகிக்கச் சொன்னாங்க."

டம்ளர் அம்மாக்காரியின் உதட்டிலேயே நின்றது.

"மாறாதுன்னு எப்படி சொன்னாங்க?"

"சொன்னாங்கம்மா."

"நான் அங்கேதானே இருந்தேன்?"

"நீ அப்ப தூங்குறதைப் பத்தி நர்ஸக்காகிட்ட சண்டை போட்டுட்டிருந்தே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அம்மாக்காரியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டேன். இத்தனை நாளும் அவள் அந்தப் பழைய குரல் திரும்பி வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வருகிற வரைக்கும் தான் பேசிச் சமாளிக்கலாம் என்று இருந்திருக்கிறாள். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். மகள் பின்னாலேயே பட்டு பட்டென்று கால் வைத்துப் போனாள்.

அந்த வாரம் பெரியவன் ஓரம் பிரிந்த மெத்தைத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கொடுக்கின் அண்ணன், அவளைவிட மூன்று வயது மூத்தவன். தங்கை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவனைக் கொண்டுபோய்ப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். அங்கிருந்தே பள்ளிக்கூடம் போனான். திரும்பி வந்ததிலிருந்து வீட்டில் எது சொன்னாலும் சரி என்பான். விடுமுறை நாட்களில் தங்கையின் இடத்தில் நின்று படி சொல்கிறவனும் அவன்தான்.

"எனக்குப் படி சொல்லவே பிடிக்கலை அத்தை," என்றான் திடீரென்று.

"ஏன்டா? நல்லாத்தானே சொல்றே."

"அது அவ இடம். அவ பக்கத்துலயே உக்காந்து பாத்துட்டிருக்கா, நான் சொல்றேன். எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"உங்கம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே."

"அம்மாகிட்டயா?" சிரித்தான். "பெரியம்மா வீட்டுல இருந்தப்போ எனக்குக் குரல் உடைஞ்சிருச்சு. திரும்பி வந்தன்னிக்கு கதவைத் தட்டி அம்மான்னு கூப்பிட்டேன். உள்ளேர்ந்து 'யாருப்பா, யார் வேணும்'னு கேட்டாங்க."

அவன் இதை வேடிக்கையாகத்தான் சொன்னான். ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உங்கம்மா பாவம்டா," என்றேன்.

"தெரியும் அத்தை. யாரு மேலயும் தப்பு சொல்லலை. ஆனா அம்மா டம்ளரைச் சுத்துவாங்க பாருங்க, அந்த மாதிரி அவளைச் சுத்தி வெச்சிருக்காங்க. சுத்தி வெச்ச டம்ளர்ல தண்ணி குடிக்க முடியுமா?"

பதினைந்து வயதுப் பையன். கல்லு மாதிரி இருக்கிறானாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு ஒரு பெரிய வேலை. ஒரு அம்மாள் மூன்றாவது மாடி வீட்டைக் காலி செய்துகொண்டு போகிறார்கள். அவர்களுக்கு ஜன்னல் திரை தைத்தவள் நான். புது வீட்டு ஜன்னல்கள் சின்னவை, திரைகளைக் கழற்றி வெட்டித் தைக்க வேண்டும் என்று என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். காலையிலேயே வண்டியில் ஏறிக்கொண்டேன். புழுக்கம் தாங்கவில்லை. வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டிருந்தது.

மேலே போனதும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாக்காரி சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டுகளுக்கு நடுவே காகிதம் வைத்து அடுக்கினாள். மகளை வழக்கம்போலத் தன் கண் எதிரே உட்கார வைத்திருந்தாள். அவளை எங்கும் தனியாக விடுவதில்லை, அதனால் எல்லா வேலைக்கும் கூட்டி வந்துவிடுவாள். ஆனால் வேலை கிடையாது. ஒரு கரண்டியை எடுத்தால்கூட "வெச்சிடு, நான் பாத்துக்கிறேன்" என்பாள். கட்டில் இறங்கியது. மேஜை இறங்கியது. பெரியவன் படி சொன்னான். நடுவில் டீயும் பன்னும் அவித்த முட்டையும் வந்தன. சித்தப்பா நாலு முட்டையை உள்ளே தள்ளிவிட்டு, "மத்ததை அண்ணிக்கு வெச்சிடுங்கப்பா" என்று வெறும் தட்டைக் காட்டினார்.

கடைசியில் பீரோ. ஆள் உயரக் கண்ணாடி, கதவோடு சேர்த்துப் பதித்தது, கழற்ற வராது. அந்த அம்மாளின் அப்பா காலத்துச் சாமான். நாலு பக்கமும் என் மெத்தைத் துணியைப் போர்த்திக் கயிறு கட்டினார்கள். கீழே அண்ணன், மேலே தம்பி, தம்பியோடு இன்னொரு ஆள் வேண்டும். பெரிய சாமான் இருந்தால் கூட வருகிற கூலியாள் தடியனுக்கு அன்றைக்குக் காய்ச்சல், வரவில்லை.

"பெரியவன் என்கூட மேலே பிடிச்சுக்கட்டும்," என்றார் சித்தப்பா. "அவன் தோளுக்கு என்ன?"

"சரி, அப்ப படி யாரு சொல்றது? டெய்லரம்மாவா?" என்றார் லோடுக்காரர்.

"நான் சொன்னா பீரோ இறங்காது, நான்தான் உருண்டு இறங்குவேன்," என்றேன்.

"அண்ணி சொல்லட்டும்."

"எனக்கு எப்ப இடது எப்ப வலதுன்னே தெரியாது. நாளைக்கு வெச்சுக்கலாம்," என்றாள் அவள்.

"நாளைக்கா? புதுசா குடி வர்றவங்க வண்டி கீழே நிக்குது அண்ணி. மழை வேற வருது."

"நான் சொல்றேன்."

சமையலறை வாசலில் சின்னவள் நின்றுகொண்டிருந்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. காதில் விழவில்லையோ என்னவோ. அவள் மறுபடியும் சொன்னாள், அதே அளவுக் குரலில்.

"படி நான் சொல்றேன்."

"நீ போய் உக்காரு," என்றாள் அம்மா.

"எனக்குத் தெரியும்மா."

"தெரியும்டி. அது அப்போ. இப்ப உன் குரல் யாருக்குக் கேக்கும்? நடுவுல மூச்சு வாங்கினா? கால் மடங்கினா? பீரோ உன் மேல வந்தா?"

"மூலைல ஒதுங்கித்தானே நிக்கப்போறேன். அப்பா அப்படித்தானே சொல்லிக் குடுத்திருக்காங்க."

"வேண்டாம்னா வேண்டாம்."

"அப்ப எதுக்கு என்னை எல்லா இடத்துக்கும் இழுத்துட்டு வர்றே? உப்புக்குச் சப்பாணியா நான்?"

அந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க எங்கள் யாருக்குமே தாங்கவில்லை. அம்மாக்காரிக்குக் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. லோடுக்காரர் அதிகம் பேசுகிறவர் இல்லை. மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இருந்த பேச்சும் பாதியாகிவிட்டது. வீட்டில் பெண்டாட்டி சொல்வதுதான் சட்டம். அவர் கயிற்றின் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பின்னாடி நடக்கிறவன் நான்," என்றார். "எனக்கு யாரு படி சொல்லணும்னு நான்தான் சொல்லணும்."

"என்னங்க, அவளுக்கு மூச்சு வாங்கும்."

"வாங்கட்டும். வாங்கினா நிக்கிறேன்." மகளைப் பார்த்தார். "கீழே திருப்பத்துல போய் நில்லு. சுவரோட ஒட்டி. நீ சொல்லாம நான் காலை எடுக்க மாட்டேன்."

அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பட்டு பட்டென்று இறங்கிப் போனாள். அந்தக் கால் சத்தம் அன்றைக்கு எனக்கு வேறு மாதிரிக் கேட்டது.

பீரோ படிக்கு வந்ததும் வழி முழுக்க அடைபட்டுப்போயிற்று. நாங்கள் இரண்டு பெண்களும் மேலே, அவள் கீழே. நடுவில் மரமும் கண்ணாடியும்.

"படி," என்று கேட்டது. மெல்லிசாக, சுரசுரவென்று.

"கேக்கலையே!" என்று கத்தினார் சித்தப்பா. "என்னம்மா சொன்னே? சத்தமா சொல்லு!"

அவள் கத்தவில்லை. கத்தக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே. அதே குரலில் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். "கேக்கணும்னா நீங்க எல்லாரும் பேசாம இருங்க சித்தப்பா."

சித்தப்பா வாயை மூடினார். பழைய கொடுக்குதான்! இரண்டாவது மாடியில் எவரோ மிக்ஸி போட்டிருந்தார்கள். நான் கைப்பிடிக்கு மேலே எட்டி, "ஏம்மா, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க, புண்ணியமாப் போகும்" என்றேன். நின்றது. ஒரு வீட்டில் ரேடியோ பாடியது, அதையும் கைஜாடை காட்டி நிறுத்த வைத்தேன். வாசல்களில் வந்து நின்றவர்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தேன். பிறகு நானும் வாயை மூடினேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"படி," என்றாள். லோடுக்காரரின் குதிகால் பின்னால் தேடி, படியில் பதிந்தது. "படி. வலது தோள் உள்ளே வாங்க. போதும். படி." மூன்று ஆட்களின் மூச்சும், கயிறு மரத்தில் உரசுகிற சத்தமும், அந்தக் குரலும்தான். முதல் திருப்பத்தில் பீரோவைத் தரையில் நிறுத்தி, திருப்பி, அவள் அடுத்த மூலைக்கு இறங்கிப்போகும்வரை காத்திருந்து, மறுபடி தூக்கினார்கள். இரண்டாவது திருப்பத்தில் மேல் முனை சுவருக்கு ஒரு விரல்கடை தூரத்தில் போயிற்று. அம்மாக்காரி கைப்பிடிக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, பாத்து! பாத்து!"

லோடுக்காரரின் கால் காற்றில் நின்றது. மெதுவாகப் பழைய படிக்கே திரும்பியது. "ரெண்டு குரல் கேக்குது," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தொழிலில் எப்படிச் சொல்வாரோ அப்படித்தான்.

கீழேயிருந்து அவள் பேசினாள். "அம்மா, நீ எட்டிப் பாத்தா வெளிச்சம் மறைக்குது. எனக்கு அப்பா கால் தெரியலை. பின்னாடி தள்ளி நில்லு."

அம்மாக்காரி தள்ளி நின்றாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கடைசி வரிசைப் படிகளில் பாதி இறங்கியிருப்பார்கள். நாங்களும் ஒரு வரிசை மேலே தள்ளிப் பின்னாலேயே இறங்கி வந்திருந்தோம். "படி" என்றவள் அடுத்த படியைச் சொல்லவில்லை. ஒரு இருமல். பிறகு "நில்லுங்க" என்றாள். பிறகு மூச்சு வாங்குகிற சத்தம்.

எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருந்த அந்தக் கட்டடத்தில் அந்த மூச்சு ஏறி இறங்குவது மேலே எங்களுக்கு அப்படியே கேட்டது. இந்தச் சத்தத்துக்குப் பயந்துதான் அவள் அம்மா மூன்று வருஷமாகப் படுக்காமல் கிடக்கிறாள். ஓடிப்போய் முதுகைத் தடவ முடியாது, பீரோ வழியை அடைத்திருக்கிறது. என் கையைப் பிடித்தாள். நகம் உள்ளங்கையில் இறங்கியது. கூப்பிடப் போகிறாள், கத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மகளின் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள்.

அந்த மூன்று பேரும் நின்றார்கள். தரையில் வைக்க வழியில்லை, நடுப்படி. முழுப் பாரமும் கையிலும் தோளிலும். லோடுக்காரரின் முழங்கை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. சித்தப்பாவின் கழுத்து நரம்பு கயிறு மாதிரிப் புடைத்தது. பெரியவன் கன்னத்தை மெத்தைத் துணியில் பதித்துக்கொண்டு பல்லைக் கடித்திருந்தான். வேர்வை சொட்டுச் சொட்டாகப் படியில் விழுந்தது. அவசரம் என்று ஒருவர் சொல்லவில்லை. முடியுமா என்று ஒருவர் கேட்கவில்லை. அவளுக்கு மூச்சு வரட்டும் என்று அந்தக் குடும்பமே பீரோவைத் தாங்கிக்கொண்டு நின்றது. எத்தனையோ பெரிய மனிதர்களின் கல்யாணத்துக்குத் துணி தைத்துக் கொடுத்திருக்கிறேன். அதற்கெல்லாம் கிடைக்காத பெருமை, இவர்களுக்கு மெத்தைத் துணி தைத்தவள் என்று அந்த நிமிஷம் எனக்குக் கிடைத்தது.

மூச்சு அடங்கியது. தொண்டையைச் செருமினாள்.

"படி," என்றாள். "படி. இன்னும் ஒண்ணு. தரை."

பீரோ தரையில் உட்கார்ந்த சத்தம் கேட்டதும் வாசல்களில் நின்றவர்கள் யாரோ கை தட்டிவிட்டார்கள். நானும் அம்மாக்காரியும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினோம். சின்னவள் மூலையில் சுவரில் சாய்ந்து, முகம் சிவந்து, உதட்டில் சிரிப்போடு நின்றாள். அம்மா அவள் முன்னால் போய் நின்றாள். கை தன்னால் முதுகுக்குப் போயிற்று, பாதியில் திரும்பிவந்தது.

"வேணுமா?" என்று கேட்டாள், தண்ணீர்ப் பாட்டிலைக் காட்டி.

அவள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"முதல்ல அண்ணனுக்குக் குடு," என்றாள் மகள். "ரொம்ப நேரம் தாங்கிட்டான்."

அம்மாக்காரி திரும்பிப் பெரியவனைப் பார்த்தாள். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

"எப்படா இவ்வளவு வளந்தே?"

"கொஞ்ச நாளாச்சும்மா," என்றான்.

அவள் பாட்டிலைத் திறந்து அவன் கையில் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கார அம்மாள் பீரோவை நாலு பக்கமும் தடவிப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

"ஒரு கீறல் இல்லையே! பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கா? பாவம், வெந்நீர் ஏதாவது குடும்மா."

"தொண்டைக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றாள் அம்மாக்காரி. "என் பொண்ணு குரலே அதுதான்."

தார்ப்பாயை இழுத்துக் கட்டி முடிக்கவும் தூறல் போடவும் சரியாக இருந்தது. வண்டியின் பின்பக்கத்தில் தார்ப்பாய்க்குக் கீழே, பீரோவுக்கும் பாத்திரப் பெட்டிகளுக்கும் நடுவே, மடித்த மெத்தைத் துணிகள்மேல் நாங்கள் உட்கார்ந்தோம். சித்தப்பா ஓட்டினார், பக்கத்தில் லோடுக்காரர். பெரியவன் கால் நீட்டிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அம்மாக்காரி எதையோ சொல்ல ஆரம்பித்தாள். அந்த வீட்டுத் தட்டுகளைப் பற்றி என்று நினைக்கிறேன். பாதியில் நின்றுவிட்டது. பார்த்தால் தலை மகனின் தோளில் சரிந்திருக்கிறது. வாய் லேசாகத் திறந்திருக்கிறது. பட்டப்பகலில், ஆடுகிற வண்டியில், தூங்கிப்போய்விட்டாள். லேசாகக் குறட்டைகூட விட்டாள்.

பெரியவன் தோளை அசைக்காமல் கண்ணால் தங்கைக்குக் காட்டினான். அவள் எங்களைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். பிறகு பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் நகர்ந்து, ஓட்டுகிறவர் முதுகுக்குப் பின்னால் இருந்த சின்ன ஜன்னல் ஓரமாக மண்டிபோட்டு உட்கார்ந்தாள். கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தாள்.

"சித்தப்பா," என்றாள் அந்தக் குரலில். "மெதுவா. முன்னாடி மேடு."

வண்டி மெதுவாக ஏறி இறங்கியது. அவள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா விழிக்கவில்லை.

"பள்ளம்," என்றாள். "இடது பக்கம் வாங்க. ஆங், போதும்."